மார்பக மறுசீரமைப்பு: காலம் கடந்து கேட்கப்படும் கேள்விகளும் பிற தவறுகளும்

முதலில் புற்றுநோய் வந்த மார்பகத்தை அகற்றிவிடுவோம், புது மார்பகம் அமைக்கும் பிளாஸ்டிக் சர்ஜனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. எவ்வளவு தோலை விட்டுவைப்பது, முலைக்காம்பைக் காப்பாற்ற முடியுமா, தழும்பு எங்கே விழும் என்பதெல்லாம் அகற்றும் அன்றே தீர்மானமாகிவிடுகின்றன. ஆண்டுகள் கழித்தும் மறுசீரமைப்பு செய்யலாம்; ஆனால் போன தோல் திரும்பாது. அதனால் இரண்டு சர்ஜன்களும் முன்கூட்டியே பேசிக்கொள்ளும்படி நீங்களே கேளுங்கள்.

அந்தப் பேச்சில் தவறாமல் இடம்பெற வேண்டிய கேள்வி: "எனக்குக் கதிர்வீச்சு தேவைப்படுமா?" மார்பக வடிவத்துக்காக உள்ளே வைக்கும் செயற்கைப் பைதான் இம்ப்ளான்ட்; எந்த இம்ப்ளான்டைச் சுற்றியும் உடல் மெல்லிய உறை ஒன்றை உண்டாக்கும். கதிர்வீச்சு பட்டால் அந்த உறை தடித்துச் சுருங்கி இம்ப்ளான்டை நெரிக்கலாம்; மார்பகம் இறுகி, வலித்து, மேலே ஏறிவிடும். அதனால்தான் கதிர்வீச்சு உறுதியானால், அது முடிந்து தோல் ஆறும்வரை காத்திருந்து, இம்ப்ளான்டுக்குப் பதில் உடலின் வேறு பகுதியிலிருந்து எடுக்கும் சொந்தத் திசுவால் செய்வதைப் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

இன்று சொந்தத் திசு முறைகளில் பரவலாகப் பேசப்படுவது டீப் ஃப்ளாப். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாய்களோடு எடுத்து, தசையை அப்படியே விட்டுவிட்டு, மார்பிலுள்ள சில மில்லிமீட்டர் அகலக் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைப்பார்கள். பல மணி நேர வேலை. முதல் 48 மணி நேரம் மிக முக்கியம். சிரையில் ரத்தம் உறைந்தால் அந்தத் திசு நீலம் பாய்ந்து வீங்கும். தமனி அடைபட்டால் வெளிறிச் சில்லிடும். உடனே கண்டுபிடித்தால் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காப்பாற்ற வாய்ப்புண்டு. நர்ஸ் இரவிலும் மணிக்கொருமுறை எழுப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். தூக்கம் கெடுகிறதே என்று தடுக்காதீர்கள்.

புகைபிடிப்பவர்கள் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்; ஆறும்வரை தொடவும் கூடாது. சிகரெட்டை விட்டு நிக்கோட்டின் சூயிங்கத்துக்கு மாறினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தக்குழாயைச் சுருக்குவதே நிக்கோட்டின்தான். மருத்துவரிடம் சொல்லாமல் அதையும் எடுக்காதீர்கள். டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் சிலருக்குத் தற்காலிகமாக நிறுத்துவார்கள். ஆனால் தாமாக நிறுத்தக் கூடாது.

எக்ஸ்பாண்டர், அதாவது இம்ப்ளான்டுக்கு இடம் உண்டாக்கத் தோலை மெல்ல விரிக்கும் தற்காலிகப் பை, வைத்தவர்கள் அவசரப்படுவது இன்னொரு தவறு. ஒரு தடவைக்குச் சுமார் 50 முதல் 100 மில்லி உப்புநீர் என்று, ஓரிரு வார இடைவெளியில்தான் பொதுவாக நிரப்புவார்கள். வேகம் கூட்டினால் தோல் மெலிந்து பிளக்கும். பல எக்ஸ்பாண்டர்களின் ஊசி போடும் வாயில் காந்தம் இருப்பதால், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ட்ரெயின் குழாய் (காயத்தில் சேரும் நீரை வெளியே ஒரு பைக்கு வடிக்கும் குழாய்) வழியாக வரும் திரவத்தைத் தினமும் அளந்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தபின்தான் பெரும்பாலும் எடுப்பார்கள்; சீக்கிரம் எடுத்தால் உள்ளே நீர் கட்டும். பை திடீரெனச் சிவந்த ரத்தத்தால் நிரம்பினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். சிலிகோன் நிரப்பிய இம்ப்ளான்ட் வெளியே தெரியாமலே கிழியலாம். அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பரிந்துரைப்படி 5–6 ஆண்டுகளில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு 2–3 ஆண்டுகளுக்கு ஒருமுறை. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்களோடு அரிய லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) ஒன்று தொடர்புபடுத்தப்பட்டு, 2019-ல் ஒரு வகை உலகளவில் திரும்பப் பெறப்பட்டது. ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் அந்த நீரை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இம்ப்ளான்ட் அட்டையைப் பத்திரமாக வையுங்கள்; உங்களுக்கு வைத்தது எந்த வகை என்று அதில்தான் இருக்கும்.

எந்த முறையானாலும் புதிய மார்பகத்தில் உணர்ச்சி பெரும்பாலும் குறைவு. வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று வெந்நீர்ப் பையை அதன்மேல் வைக்காதீர்கள். சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும்.