"ஓரமாப் போ" என்று காவலர் நிறுத்தினால்: சைக்கிளோட்டிக்கான சட்டக் கையேடு

சைக்கிளோட்டிகள் மீது போடப்படும் தவறான அபராதங்களில் பலவற்றுக்குக் காரணம் விதியைப் பாதி மட்டும் தெரிந்து வைத்திருப்பதுதான். "சைக்கிள் ஓரமாகப் போக வேண்டும்" என்ற முதல் பாதி காவலருக்குத் தெரியும். அதற்கு அடுத்த வரியில் இருக்கும் விலக்குகள் தெரியாது. அந்த அடுத்த வரியை ஓட்டுபவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் செய்ய வேண்டிய வேலையை முதலில் முடித்துவிடுங்கள். உங்கள் பகுதிக்கான போக்குவரத்துச் சட்டத்தின் மூலப் பிரதியை எடுத்து, முதலில் வரையறைகளைப் படியுங்கள். சைக்கிள் அங்கே "வாகனம்" என்று சொல்லப்பட்டிருக்கிறதா, சைக்கிளோட்டி "ஓட்டுநர்" ஆகிறாரா என்று பாருங்கள். 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சைக்கிள் ஓட்டுபவரையும் ஓட்டுநர் என்றே வரையறுக்கிறது. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 21200-ஆம் பிரிவும் வாகன ஓட்டுநரின் உரிமைகளையும் கடமைகளையும் சைக்கிளோட்டிக்குத் தருகிறது. அடுத்து, ஒரு பிரிவு "வாகனம்" என்கிறதா "மோட்டார் வாகனம்" என்கிறதா என்று கவனியுங்கள். மோட்டார் வாகனத்துக்கு மட்டும் எழுதப்பட்ட பிரிவைச் சைக்கிள் மீது போட்டால் அந்த வழக்கு நிற்காது.

"வேண்டும்" என்பதும் "நல்லது" என்பதும் ஒன்றல்ல. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் கட்டாயச் சொல்லோடு எழுதப்பட்ட விதிகளுக்குப் பின்னால்தான் நேரடியாகச் சட்டம் இருக்கிறது, மற்றவை அறிவுரை. தலைக்கவசம் பற்றிய விதி அங்கே அறிவுரை வகையைச் சேர்ந்தது.

இனி ஓரம். காவலரும் சைக்கிளோட்டியும் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான், ஆகவே கணக்கோடு பார்ப்போம். கைப்பிடியின் அகலம் சுமார் 0.7 மீட்டர். குழி, வடிகால் மூடி, உடைந்த கண்ணாடி எல்லாம் சேரும் விளிம்பிலிருந்து 0.5 மீட்டர் தள்ளி ஓட்ட வேண்டும். கடந்து போகும் காருக்கும் உங்களுக்கும் நடுவே, பல இடங்களில் சட்டம் கேட்கும் மூன்று அடியை எடுத்தாலும் 0.9 மீட்டர் தேவை. பக்கக் கண்ணாடிகளோடு காரின் அகலம் சுமார் 2 மீட்டர். கூட்டினால் 4.1 மீட்டர். சாலைத் தடங்களோ பெரும்பாலும் 3 முதல் 3.5 மீட்டர்தான். அதாவது காரும் சைக்கிளும் ஒரே தடத்தில் பக்கத்துப் பக்கமாகப் பாதுகாப்பாகப் போக இடமே இல்லை. ஓரத்தில் ஒதுங்கினால், இடம் இருப்பதாக நினைத்துப் பின்னால் வருபவர் உரசிக்கொண்டு முந்துவார். தடத்தின் நடுவில் போனால், அடுத்த தடத்துக்கு மாறித்தான் முந்த வேண்டும் என்பது அவருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

இதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. கலிஃபோர்னியாவின் 21202-ஆம் பிரிவு ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு விலக்குகளை அடுக்குகிறது: வேறொரு வண்டியை முந்தும்போது, எதிர்ப்பக்கம் திரும்பத் தயாராகும்போது, பள்ளம், நிற்கும் வண்டி, பாதசாரி போன்ற இடர்களைத் தவிர்க்கும்போது, ஓரப் பக்கமாகத் திரும்ப அனுமதியுள்ள இடத்தை நெருங்கும்போது, தடம் பகிர முடியாத அளவு குறுகலாக இருக்கும்போது. மற்ற வண்டிகளின் வழக்கமான வேகத்தைவிட மெதுவாகப் போனால்தான் அந்தப் பிரிவே பொருந்தும். நெரிசலில் கார்களின் வேகத்திலேயே நீங்களும் போனால் ஓரம் என்ற பேச்சுக்கு இடமில்லை. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் 2022 ஜனவரி 29-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அமைதியான சாலையிலும் மெதுவான போக்குவரத்திலும் குறுகலான இடங்களிலும் தடத்தின் நடுவில் ஓட்டலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போது ஒரு கதவு திறக்கும் அளவுக்கு, குறைந்தது 1 மீட்டர் விடச் சொல்வதும் அதே தொகுப்புதான்.

"போக்குவரத்தை மறித்தாய்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தின் ட்ராட்வுட் நகரில் இப்படித் தண்டிக்கப்பட்ட சைக்கிளோட்டியை 2000-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. சைக்கிள் நியாயமாக எட்டக்கூடிய வேகத்தில் அவர் போய்க்கொண்டிருந்தார்; அது மறிப்பதாகாது என்றது தீர்ப்பு. ஆனால் இதில் உங்கள் பக்கத்துக் கடமையும் உண்டு. கலிஃபோர்னியாவின் இருதடச் சாலையில், முந்த வழியில்லாமல் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் பின்னால் வரிசை கட்டினால், மெதுவாகப் போகும் வண்டி பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். இப்படி ஒரு விதி உங்கள் சட்டத்திலும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். காவலர் சொல்வது சரியாக இருக்கும் சந்தர்ப்பம் அதுதான்.

சைக்கிள் தடம் பக்கத்திலேயே இருக்கிறதே, ஏன் அதில் போகவில்லை? இதற்கான பதில் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் வட்டமான நீலப் பலகை இருந்தால் மட்டுமே அந்தப் பாதை கட்டாயம். பலகை இல்லாவிட்டால் ஓட்டுபவரின் விருப்பம். பிரிட்டனில் கட்டாயமே இல்லை. கட்டாயம் இருக்கும் இடங்களிலும் தடை, திருப்பம், இடர் ஆகியவற்றுக்கு விலக்கு இருப்பதே வழக்கம். இருவர் பக்கத்துப் பக்கமாக ஓட்டலாமா என்பதும் இப்படித்தான், ஊருக்கு ஊர் வேறு.

சிவப்பு விளக்கு, எதிர்த்திசை ஓட்டம், இரவில் விளக்கில்லாமல் போவது: இவற்றில் வாதாட வேண்டாம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982 முதல், சந்திப்பில் வண்டியை நிறுத்தச் சொல்லும் "STOP" பலகையில் சைக்கிளோட்டி வேகம் குறைத்து, வழிவிட்டுப் போக அனுமதிக்கிறது. மாநில எல்லையைத் தாண்டி அந்த அனுமதி வராது.

காவலர் கை காட்டினால் உடனே, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இறங்குங்கள். சாலையோரத்தில் யாரும் வழக்கு ஜெயிப்பதில்லை. அங்கே உங்கள் வேலை தகவல் சேகரிப்பது மட்டும். "எந்தப் பிரிவின் கீழ், ஐயா?" என்று ஒரே ஒரு தடவை, மரியாதையாகக் கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமம் காட்டும் கடமை சைக்கிளோட்டிக்குப் பல இடங்களில் இல்லை. ஆனால் பெயரும் முகவரியும் சொல்ல மறுப்பது தனிக் குற்றமாகலாம். சிறிய அபராதம் கைது வரை போவது பெரும்பாலும் இந்த மறுப்பினால்தான். அபராதச் சீட்டில் கையெழுத்துக் கேட்டால் மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் அது ஆஜராவேன் என்ற உறுதிமொழி, குற்ற ஒப்புதல் அல்ல. ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நடுத்தடத்தில் போனது ஏன் என்று விளக்கத் தோன்றினால் "தடம் குறுகல், ஓரத்தில் இடர் இருந்தது" என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகம் பேசினால் வார்த்தைகள் திரிந்து பதிவாகும்.

அன்றே திரும்பிப் போய் இடத்தை அளக்க வேண்டும். சாலையை மறுபடி போட்டுவிட்டால் சான்று போய்விடும். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், துணைக்கு ஒருவரை வண்டிகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தடக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து சாலை விளிம்பு வரை மூன்று இடங்களில் நாடா வைத்து அளந்து, எண் தெரியும்படி படமெடுங்கள். வடிகால், பள்ளம், நிறுத்திய கார்கள் ஆகியவற்றுக்குத் தனிப் படங்கள் வேண்டும். பலகைகளைப் படமெடுக்கும்போது பலகை இல்லாத இடத்தையும் எடுங்கள். சைக்கிளில் கேமரா இருந்தால் மூலக் கோப்பை வெட்டாமல் அன்றிரவே வேறொரு இடத்தில் சேமியுங்கள். பல கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். ஜிபிஎஸ் பதிவு வேகத்துக்குச் சான்று.

மறுப்பு மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், கெடுத் தேதியைத் தவறவிடவும் வேண்டாம். பிரிவின் வாசகத்தை முழுதாக எடுத்தெழுதி, பொருந்தும் விலக்கின் உட்பிரிவைச் சுட்டி, உங்கள் அளவையும் பட எண்ணையும் அதற்கு நேரே எழுதுங்கள். "காவலர் கடுமையாகப் பேசினார்" என்பதை இதில் கலக்கக் கூடாது. அது தனிப் புகார், தனி அலுவலகம். விசாரணையில் காவலரைக் கேட்க இரண்டு கேள்விகள் போதும்: அந்தத் தடத்தின் அகலம் எவ்வளவு? அப்போது மற்ற வண்டிகள் என்ன வேகத்தில் போயின? அளக்காதவரால் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது.

அபராதம் ரத்தானால் அந்த உத்தரவின் நகலையும் சட்டப் பிரிவையும் போக்குவரத்துக் காவல் பிரிவின் தலைமைக்கு எழுத்தில் அனுப்பி, சாலைப் பணியில் இருப்பவர்களுக்கு அதைச் சுற்றறிக்கையாக அனுப்பும்படி கேளுங்கள். அதே சந்திப்பில் நாளை இன்னொருவர் நிறுத்தப்படாமல் இருக்க அந்தக் கடிதம் உதவும். ஒரு நகலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.