எந்த மாயாவி, அண்ணாச்சி?

தாராவி தொண்ணூறு அடி சாலையில், ஞாயிறு காலையில், ஒரு கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) ஆறுவதற்குள் “நான் மொத மொத மாயாவி படிச்சது எப்பன்னா...” என்று தொடங்கும் ஆள் ஒருவராவது சிக்குவார். நாற்பது தாண்டிய திருநெல்வேலிக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். நான் வயரிங் வேலை பார்ப்பவன். இரண்டு வருடமாக இந்தக் காமிக்ஸ் ஞாபகங்களை மொபைலில் பதிவு செய்து வைக்கிறேன். எப்படிக் கேட்டால் சரக்கு வெளியே வரும் என்பது இப்போது கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. உங்கள் மாமாவிடமோ, உங்களிடமேயோ நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் மாயாவி ஒருவரல்ல, இருவர். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் நாயகன் இரும்புக்கை மாயாவி. வலது கை உருக்கு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோகும், கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இவர் பிறந்தது இங்கிலாந்தில், 1962இல், ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் இதழில். இன்னொருவர் காட்டுக்குள் மண்டையோட்டுக் குகையில் இருக்கும் முகமூடிக்காரர். லீ ஃபாக் 1936இல் அமெரிக்கப் பத்திரிகைகளுக்காக உருவாக்கியவர். ராணி காமிக்ஸ் இவரைத்தான் மாயாவி என்று அழைத்தது. இந்தியிலும் மராத்தியிலும் இவர் வேதாள். ஆகவே என் வகுப்பில், மராத்திப் பையன்கள் வேதாள் என்றும் நாங்கள் மாயாவி என்றும் ஒரே ஆளுக்காகவே அடித்துக்கொண்டோம்.

அதனால் “மாயாவியா? எனக்கும் பிடிக்கும்!” என்று நீங்கள் முந்திக்கொள்ளக் கூடாது. அட்டைப் படத்தையும் காட்டாதீர்கள். மொபைலில் படத்தைப் பார்த்த அடுத்த நொடி எல்லோருக்கும் “இதேதான்!” ஆகிவிடும். அப்புறம் அவர் சொல்வது நீங்கள் காட்டிய படத்தைத்தான்.

அதற்குப் பதில் ஒரு பில்லின் பின்பக்கத்தையும் பேனாவையும் கொடுத்து, “அந்தக் கையை மட்டும் வரைஞ்சு காட்டுங்க அண்ணாச்சி” என்று சொல்லுங்கள். வரையத் தெரியாது என்பார்கள், வற்புறுத்துங்கள். லேபர் கேம்ப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர், இரும்புக்கை ரசிகர் என்று அரைமணி நேரம் பேசியவர், கடைசியில் வரைந்தது ஒரு முஷ்டி. நடுவிரல் பக்கம் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இரண்டு புள்ளி, கீழே நாலு கோடு. முகமூடிக்காரரின் மண்டையோட்டு மோதிரம்! குத்து வாங்கியவன் தாடையில் அழியாத முத்திரை விழுமே, அது. வாய் மறந்ததைச் சில நேரம் விரல் மறப்பதில்லை.

அடுத்தது காலம். “எந்த வருஷம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிடுவார்கள், பிறகு அதையே பிடித்துக்கொண்டு சண்டைக்கும் வருவார்கள். மும்பைக்காரருக்கு வேறு மைல்கற்கள் உண்டு. மில் ஸ்டிரைக்குக்கு முன்பா பின்பா? அது 1982 ஜனவரி. கலவரத்துக்கு முன்பா பின்பா? 1992 டிசம்பர், அடுத்த ஜனவரி. அப்போது நீங்கள் சால் வீட்டிலா (வரிசையாக ஒற்றை அறைகள் இருக்கும் கட்டடம்), சொந்த கோலியிலா (குடிசை அறை)? பக்கத்தில் யார் தூங்கினார்கள்? இப்படிப் போனால் வருடம் தானாக வந்து விழும். விழுந்ததைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. எமர்ஜென்சி நேரத்தில் (1975–77) ராணி காமிக்ஸ் படித்ததாக ஒருவர் அடித்துச் சொன்னார். ராணி காமிக்ஸ் தொடங்கியதே 1984 ஜூலையில். அவர் பொய் சொல்லவில்லை. கையில் இருந்தது வேறு புத்தகம், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி எழுத்தைப் பற்றியது. “தலை என்ற சொல்லில் லை எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். ல, ன, ண மேல் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறி நிற்கும் பழைய எழுத்து ஞாபகமிருந்தால் அது பழைய அச்சு. 1978இல் எம்ஜிஆர் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அச்சகங்கள் எல்லாம் மறுநாளே மாறிவிடவில்லை, அதனால் இதைத் துல்லியமான கணக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் தொண்ணூறுகளில் படித்ததாகச் சொல்பவர் துதிக்கையைப் பற்றிப் பேசினால், யாரோ சித்தப்பாவின் பழைய பிரதி கைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே அந்தச் சித்தப்பாவைப் பிடியுங்கள்.

புத்தகம் தேடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளில் எனக்கு ஒரு தடவைகூடத் தமிழ் காமிக்ஸ் அகப்பட்டதில்லை. பெரும்பாலானவை ரத்திக்கடைக்கு (பழைய பேப்பர் கடை) எடைக்குப் போய்விட்டன. ஊர் வீட்டுப் பரண்தான் கதி. மறுபதிப்பு கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் அதன் அட்டையை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். மறுபதிப்பில் அட்டை மாறியிருக்கலாம். உள்ளே இருக்கும் கட்டங்களைப் பாருங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் உங்கள்மேலேயே ஒருமுறை பிரயோகித்துப் பாருங்கள். கொஞ்சம் வலிக்கும்.

முப்பது வருடமாக நான் சொல்லிவரும் கதை இது: கலவரம் நடந்தபோது ஊரடங்கில் அடைந்து கிடந்தோம். ஊரிலிருந்து ரயிலில் மாமா கொண்டுவந்த வடகத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவே ஒரு இரும்புக்கை மாயாவி இருந்தது. அதைப் படித்துத்தான், தகரக் கரண்டியைக் கையில் கட்டிக்கொண்டு பல்ப் ஹோல்டர் பக்கம் போனேன். அக்கா வாரியலால் போட்ட போட்டில் கரண்டி பறந்தது. (230 வோல்ட் யாரையும் மாயமாக்காது. ஆளையே எடுத்துவிடும். தொழில்காரன் சொல்கிறேன்.)

போன மாதம் நானும் கையை வரைந்தேன். மோதிரம் வந்தது.

மோதிரக்காரருக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அப்படியென்றால் நான் ஏன் ஹோல்டரைத் தேடிப் போனேன்? கல்யாணில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டேன்.

“ஏலே, ஒனக்கு அப்ப தமிழ் எங்க வாசிக்கத் தெரியும்? நீ இங்கிலீஷ் மீடியம். நாந்தான வாசிச்சேன்” என்றாள். அவள் முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியம். “அது ராணி காமிக்ஸ்ல. கடைசி நாலு பக்கம் கிழிஞ்சி போச்சு. நீ முடிவு சொல்லு சொல்லுன்னு அழுத. கூடப் படிச்ச பிள்ள வீட்ல இரும்புக்கை வாசிச்சிருந்தேன், அதுல இருந்து எடுத்து ஒட்டவச்சேன்.”

“என்ன முடிவுக்கா அது?”

“குக்கர் சத்தம் போடுது, வையி.”

வரும் ஞாயிறு கல்யாண் போகிறேன். மொபைலை முழுசாக சார்ஜ் போட்டு, ஒரு பேனாவும் பழைய பில் ஒன்றும் எடுத்துக்கொண்டு.