ட்ராஃபிக் விழுந்துவிட்டதா? உடனே எதிலும் கை வைக்காதீர்கள்

உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து பார்க்கிறீர்கள், கிளிக் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியிருக்கிறது. அந்தப் பதற்றத்தில் பலரும் ஒரே நாளில் தலைப்புகளை மாற்றுகிறார்கள், பழைய கட்டுரைகளை அழிக்கிறார்கள், புது தீம் போடுகிறார்கள், கூடவே கூடுதல் வசதி தரும் துணை நிரல்களான ப்ளகின்கள் இரண்டையும் நிறுவிவிடுகிறார்கள். அப்புறம் தளம் மீண்டாலும் சரி, இன்னும் மோசமானாலும் சரி, எதனால் அப்படி ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. பாதுகாப்பு, வேகம், தேடல் தரவரிசை மூன்றும் வேறு வேறு பிரச்சினை போலத்தான் தெரியும். ஆனால் ரேங்க் விழக் காரணம் ஹேக்காக இருக்கலாம். தளம் மெதுவாகக் காரணம், லாகின் பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் பாட்கள் என்னும் தானியங்கி நிரல்களாக இருக்கலாம். அதனால் நான் எப்போதும் பாதுகாப்பிலிருந்துதான் தொடங்குவேன்.

"எனக்குத் தளம் நன்றாகத்தானே திறக்கிறது?" என்று கேட்டுவிட்டு அதோடு விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. ஹேக் செய்பவர்கள் தள உரிமையாளரின் கண்ணில் படாமல் இருக்கத்தான் எல்லா வேலையும் செய்கிறார்கள். லாகின் செய்திருப்பவருக்கு வழக்கமான பக்கம் வரும், கூகுளிலிருந்து மொபைலில் வருபவரை மட்டும் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிவிடும், பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் பாட் நிரலுக்கு ஆயிரக்கணக்கான போலிப் பக்கங்களைக் காட்டும். ஜப்பானிய எழுத்தில் உங்கள் தளத்தின் பெயரிலேயே தேடல் முடிவுகள் வருவது இப்படித்தான். கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் எழுதாத பக்கங்கள் வந்தால் விஷயம் தெரிந்துவிடும். சர்ச் கன்சோலில் பாதுகாப்புச் சிக்கல்கள், மேனுவல் ஆக்‌ஷன் (கூகுள் ஊழியர்கள் நேரடியாகப் பார்த்து எடுக்கும் நடவடிக்கை) என்ற இரண்டு பகுதிகளையும் பாருங்கள். அங்கேயே பயனர் பட்டியலில் தெரியாத மின்னஞ்சல் ஏதாவது உரிமையாளராகச் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஹேக் என்று உறுதியானதும் கண்ணில் பட்ட கெட்ட கோப்பை மட்டும் அழித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். உள்ளே வந்தவர் திரும்ப வர ஒரு பின்வாசலையும் வைத்துவிட்டுத்தான் போயிருப்பார். தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடுகிறது என்றால் படங்கள் மட்டும் இருக்க வேண்டிய அப்லோட்ஸ் கோப்புறைக்குள் பிஎச்பி நிரல் கோப்பு இருக்கும், யாரும் உருவாக்காத அட்மின் கணக்கு இருக்கும், அழித்த கோப்பை அரை மணி நேரத்தில் மறுபடி எழுதிவைக்கும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகூட இருக்கும். மூலக் கோப்புகளையும் ப்ளகின்களையும் அதிகாரபூர்வ இடத்திலிருந்து புதிதாக எடுத்துப் போடுவதுதான் பாதுகாப்பு. ஹோஸ்டிங், டேட்டாபேஸ், எஃப்டிபி (சர்வரில் கோப்பு ஏற்றும் வழி), அட்மின் என்று எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பில் இருக்கும் ரகசியச் சாவிகளையும் மாற்றினால்தான் ஏற்கெனவே லாகின் ஆகி உள்ளே இருப்பவர் வெளியேறுவார். பேக்கப்பை மீட்டெடுப்பதாக இருந்தால் அது ஹேக்குக்கு முந்தையதுதானா என்று பார்த்த பிறகே செய்யுங்கள். வைரஸோடு சேர்த்து எடுத்த பேக்கப் உங்களைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். விலை கொடுத்து வாங்க வேண்டிய ப்ளகினை எங்கோ இலவசமாக இறக்கிப் போட்டிருந்தால், ஓட்டை எங்கே என்று வேறெங்கும் தேட வேண்டாம். முதலில் அதைத் தூக்குங்கள்.

பாதுகாப்பைக் கூட்டப் போய் ரேங்கைத் தொலைப்பவர்களும் உண்டு. வேண்டாத வருகைகளைத் தடுக்கும் ஃபயர்வாலை இறுக்கிவிடுவார்கள், அது கூகுளின் பாட் நிரலையும் 403 (அனுமதி இல்லை) என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். பிரவுசரில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. சர்ச் கன்சோலின் யூஆர்எல் சோதனையில் நேரடிச் சோதனையை ஓட்டினால் கூகுளுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதே போல இன்னொன்று: ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்க வேண்டுமென்று நோஇண்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே) என்ற குறிப்பைப் போட்டுவிட்டு, பாட்கள் எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் அதைத் தடுத்துவிடுகிறார்கள். உள்ளேயே வர முடியாத கூகுள் அந்தக் குறிப்பை எப்படிப் படிக்கும்? வேறு தளங்கள் இணைப்பு கொடுத்திருந்தால் அந்த முகவரி தேடலில் அப்படியே நிற்கும். சோதனைத் தளத்தில் போட்ட "தேடுபொறிகள் வர வேண்டாம்" டிக்கை எடுக்காமலே தளத்தை வெளியிட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. தளம் புதிதாக மாறிய வாரத்திலேயே ட்ராஃபிக் விழுந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அடுத்ததாக, பழைய முகவரிகளெல்லாம் முகப்புக்கே திரும்புகின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கூகுள் அவற்றை இல்லாத பக்கமாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் அதற்கு ஈடான புதுப் பக்கத்துக்குப் போக வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடில் 100 மதிப்பெண் வாங்குவதற்காகத் தளத்தையே உடைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு செயற்கைச் சோதனையின் மதிப்பெண், ஓட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். அதே பக்கத்தில் மேலே வரும் உண்மைப் பயனர் தரவைப் பாருங்கள்: எல்சிபி (முக்கியமான பெரிய படமோ எழுத்தோ திரையில் வர ஆகும் நேரம்) 2.5 விநாடிக்குள், 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவுக்குப் பதிலாக வந்த ஐஎன்பி (தட்டியதற்குப் பக்கம் பதில் தர ஆகும் நேரம்) 200 மில்லி விநாடிக்குள், சிஎல்எஸ் (பக்கத்தில் உள்ளவை எதிர்பாராமல் எவ்வளவு இடம் மாறுகின்றன என்ற அளவு) 0.1க்குள். வருகைகளில் 75 சதவீதமாவது இதற்குள் இருந்தால் நல்லது. இது கடந்த 28 நாள் தரவு என்பதால் இன்று சரிசெய்துவிட்டு நாளைக்கே எண் மாறவில்லை என்று மறுபடி கையை வைக்காதீர்கள். எல்லாப் படங்களுக்கும் லேசி லோடிங் (திரைக்கு அருகே வரும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) போடுவதும் தவறு. மேலே முதலில் தெரியும் பெரிய படத்துக்கும் அதைப் போட்டால் எல்சிபி தாமதமாகத்தான் ஆகும். சர்வர் முதல் பதில் தரவே 2 விநாடி எடுத்தால் படங்களை எவ்வளவு சுருக்கியும் பெரிதாக மாறாது.

பக்கத்தின் நகலைச் சேமித்துவைத்து வேகமாகக் காட்டும் கேஷ் ப்ளகின் ஒன்று போதும், இரண்டு போட்டால் ஒன்றோடொன்று மோதும். கூடை, கணக்கு, பணம் செலுத்தும் பக்கங்களை மட்டும் கண்டிப்பாக கேஷிலிருந்து விலக்கிவிடுங்கள். ஒரு வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் இன்னொருவரின் திரையில் வந்து நிற்பதற்கு இந்த ஒரு கவனக்குறைவு போதும், அதற்கு ஹேக்கரே தேவையில்லை.

இவை எதுவும் காரணமில்லை என்றால் கூகுள் தன் தரவரிசை முறையில் செய்யும் பெரிய மாற்றமான கோர் அப்டேட் நடந்த தேதிகளோடு உங்கள் வீழ்ச்சியை ஒப்பிடுங்கள். அப்டேட் முடிந்து முழுதாக ஒரு வாரம் போகட்டும், பிறகு அது தொடங்குவதற்கு முந்தைய வாரத்தையும் இந்த வாரத்தையும் பக்கம் பக்கமாக, தேடல் சொல் வாரியாக எடுத்துப் பாருங்கள். 2ஆம் இடத்திலிருந்து 4க்கு வந்த பக்கத்தைத் தொடாமல் விடுங்கள். 4லிருந்து 29க்குப் போன பக்கத்தை மட்டும் திறந்து, தேடி வருபவர் கேட்பதற்கு அதில் பதில் இருக்கிறதா என்று உட்கார்ந்து படியுங்கள்.