சிற்றுருவங்கள் வாங்காமலே போர்க்களம் அமைக்க
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் கற்பனைச் சாகச ஆட்டத்தில் சண்டைக் காட்சிகளை நடத்த, ஏ4 தாளில் ஓர் அங்குலக் கட்டங்களை வரைந்து, பழைய கண்ணாடிப் புகைப்படச் சட்டத்துக்குள் செருகி, கண்ணாடியின் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் சுவர்களையும் கதவுகளையும் வரைந்துகொண்டு, வீரர்களைக் குறிக்கும் சிற்றுருவப் பொம்மைகளுக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான்களை வைத்தால் போதும். ஒரு கட்டம் 5 அடியைக் குறிப்பதால், தன் முறை வரும்போது 30 அடி நகரக்கூடியவர் 6 கட்டங்கள் போகலாம் என்பது எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்துவிடும்; யார் எங்கே நிற்கிறார் என்ற வாக்குவாதமும் குறையும். கண்ணாடியில் மை ஊறாது என்பதால், அடுத்த அறைக்கு உடனே துடைத்துவிட்டு வரையலாம். ஆனால் 150 அடி தொலைவிலிருந்து நீள்வில்லால் எய்வதற்கு 30 கட்டங்கள் வேண்டும். ஏ4 தாளின் நீளத்தில் 11 கட்டங்களே அடங்கும் என்பதால், அத்தகைய வெட்டவெளிப் போர்களை வாய்மொழி வருணனையாலேயே நடத்துவது நல்லது.