பங்கருக்க வந்த செபம் டைல்ஸ் வீட்டில வரேல்லையெண்டால் என்ன செய்யிறது

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போடுறன், நான் சிஸ்டருமில்லை, மறைக்கல்வி ரீச்சருமில்லை. கிளிநொச்சிப் பக்கம் வீட்டில மெசின் வச்சு ஸ்கூல் யூனிஃபோம் தைக்கிற ஆள். போன மாசம் எங்கட அன்பியக் கூட்டத்தில, அதுதான் அயல் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற கூட்டத்தில, ஒரு தங்கச்சி கேட்டாள், அக்கா எனக்கு விசுவாசம் இருக்கு ஆனா நிக்குதில்லை, பிரச்சினை வந்தா வருது, பிரச்சினை போனாப் போகுது, என்ன செய்யிறது எண்டு. அந்த இடத்தில ஏதோ சொல்லிச் சமாளிச்சிட்டன். வீட்ட வந்து படுத்தா நித்திரை வரேல்லை, ஏனெண்டால் அது என்ர பிரச்சினையும்தான். அவளுக்கு அண்டைக்குச் சொல்லாம விட்டதுதான் இது, கொஞ்சம் நீட்டு, பொறுத்துக்கொள்ளுங்கோ.

வன்னிச் சனத்துக்குத் துணிவில்லையெண்டு ஒருத்தரும் சொல்லேலாது. 2009 கடைசிச் சண்டையில மாத்தளனிலயும் முள்ளிவாய்க்காலிலயும் செல் விழ விழ பங்கருக்க குந்திக்கொண்டு செபமாலை சொன்ன ஆக்கள் நாங்கள், பக்கத்து பங்கர் சைவ அம்மாவும் மந்திரம் தெரியாட்டியும் மாதாவே மாதாவே எண்டு கூடச் சொன்னவ. அதே நாங்கள்தான் இப்ப வீட்டுத்திட்டத்தில வீடு கிடைச்சு, கரண்ட் வந்து, வெளிநாட்டுக் காசில டைல்ஸும் போட்டாப்பிறகு, பின்னேரம் ஆறரைக்கு ரீவியைப் போட்டா செபத்தை மறந்துபோறம். பயத்தில வந்த செபம் பயம் போகேக்க தானும் போகும், அதுக்காக உங்களைத் திட்டத் தேவையில்லை. இராயப்பரை, அதுதான் பேதுருவைப் பாருங்கோ, தோட்டத்தில ஆயுதத்தோட வந்த கூட்டத்துக்கு முன்னால வாளை உருவினவர், அதே ராத்திரி நெருப்புக் காயேக்க ஒரு வேலைக்காரப் பெட்டை நீயும் அவரோட இருந்தனியெல்லோ எண்டு கேட்ட ஒரு கேள்வியில விழுந்திட்டார். எங்களுக்கும் வாள் எடுக்கிற நேரம் முடிஞ்சுது, இப்ப அந்தப் பெட்டையின்ர கேள்விக்குத்தான் ஆயத்தப்படோணும்.

அதுக்கு முதல் வேலை, செபத்தைச் சின்னனாக்குங்கோ. தவக்காலம் தொடங்கேக்க நாளுக்கு ஒரு மணித்தியாலம் செபம், ரெண்டு அதிகாரம் பைபிள், வெள்ளிக்கிழமை ஒருசந்தி உபவாசம் எண்டு பெரிய பிளான் போடுறது, ரெண்டாம் கிழமை எல்லாத்தையும் விடுறது, பிறகு வெக்கத்தில கோயில் பக்கமே போகாம இருக்கிறது, இதை நான் கனதரம் செய்து பாத்திட்டன். என்ர பெரியம்மா காட்டின வழி வேற. சண்டை முடிஞ்சு மெனிக் பாம் முகாமில இருக்கேக்க அவவிட்ட செபமாலை இல்லை, வட்டுவாகல் பாலம் கடக்கேக்க பையோட தவறிப்போச்சு. உரபாக்கில இருந்து நூலை உருவி முறுக்கி, அதில பத்து முடிச்சுப் போட்டு ஒரு கயிறு செய்தவ. அம்பத்துமூண்டு மணியெல்லாம் இல்லை, ஒரு பத்துமணிக்கான, அதுதான் பத்து அருள்நிறை மந்திரத்துக்கான கயிறு மட்டும். தண்ணிக்கு லைனில நிக்கேக்க கானை ஒரு கையில பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால அதை உருட்டுவா. லைன் நகராட்டி அஞ்சு தரம் சுத்தும், நகர்ந்தா ஒருதரத்தோட சரி. இப்பவும் அந்தக் கயிறுதான், அழுக்கேறிக் கறுத்துப்போய் கிடக்கு, வெளிநாட்டில இருந்து வந்த வெள்ளிச் செபமாலை அலுமாரிக்க பெட்டியோட இருக்கு.

இதில விசயம் என்னெண்டால், செபத்துக்கெண்டு தனி நேரம் தேடாம ஏற்கனவே செய்யிற ஒரு வேலையோட அதைக் கட்டிவிடுறது. நான் மெசினுக்கு பொபின் சுத்தேக்க ஒரு பத்துமணி சொல்லுவன். வயலுக்குப் போற ஆளெண்டால் தண்ணி கட்டிற நேரம், ஓட்டோ ஓடுறவர் ஸ்டாண்டில நிக்கிற நேரம். ஒரே வேலை, ஒரே நேரம், மாத்தாதேங்கோ. ரெண்டு மாசத்தில அந்த வேலையைத் தொட்டாலே வாய் தன்ர பாட்டில தொடங்கும்.

ரெண்டாவது, நீங்கள் ஆரெண்டு நாலு பேருக்குத் தெரியட்டும். இதில எனக்கு யோசேவ்வாஸ் முனிவரைத்தான் பிடிக்கும். 1687ல கோவாவில இருந்து யாழ்ப்பாணம் வந்தவர், அப்ப ஒல்லாந்தர் ஆட்சி, கத்தோலிக்கக் குருமார் கால் வைக்கேலாது. பிச்சைக்காரன் கோலத்தில வீடு வீடாப் போறவர், ஆனா கழுத்தில செபமாலை. ஆக்களோட கத்தேல்லை, பிரசங்கம் வைக்கேல்லை, அதைப் பாத்த கண்ணில ஆருக்கு வித்தியாசம் தெரியுதெண்டு பாத்து அவையிட்ட மெல்லக் கதைச்சவர். பேந்து 1692ல கண்டிக்குப் போய், போர்த்துக்கேயரின்ர ஒற்றனெண்டு மறியலிலயும் போட்டவை. 1711ல கண்டியிலயே செத்தார், ஊருக்குத் திரும்பிப் போகவேயில்லை. 2015 ஜனவரி 14ல கொழும்பு காலிமுகத்திடலில அவருக்குப் புனிதர் பட்டம் குடுத்துப்போட்டு அண்டைக்கே பாப்பரசர் மடு மாதா கோயிலுக்கு வந்தவர், அந்தச் சனத்துக்க நானும் நிண்டனான், தண்ணிப் போத்தல் ஒண்டுக்கு மூண்டு பேர்.

தெரியட்டும் எண்டதுக்காக ஸ்பீக்கரைக் கட்டி ஊரை எழுப்பச் சொல்லேல்லை. எங்கட ரோட்டில ஏழு வீட்டில அஞ்சு சைவம். அவையின்ர சாமியைக் குறை சொல்லுறது துணிவில்லை, வாய்க்கொழுப்பு. செத்த வீட்டுக்குப் போங்கோ, எட்டுச் செலவுக்குப் போங்கோ, பொங்கலுக்குக் கூப்பிட்டாப் போய்ச் சாப்பிடுங்கோ, நீங்கள் செய்யாத ஒரு சடங்கைச் செய்யச் சொல்லிக் கேட்டா, நான் இதில நிக்கேல்லை அக்கா, சமையலுக்கு வாறன் எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுங்கோ, ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். என்ர சொந்தத் தங்கச்சி கத்தோலிக்கமில்லாத ஒரு கிறிஸ்தவச் சபைக்குப் போறா, அவவுக்கு மாதா சொரூபம் பிழை, எனக்கு அவையின்ர ட்ரம் செட் தலையிடி. ரெண்டு வருசம் இதையே சண்டை பிடிச்சு ஒருத்தரும் மாறேல்லை. இப்ப அதைக் கதைக்கிறேல்லை, ஆருக்கும் சுகமில்லையெண்டால் ரெண்டுபேரும் சேர்ந்து செபிக்கிறம்.

இனி கஷ்டமான இடம். கையெழுத்து.

ஒரு அமைப்பு, பேர் வேண்டாம், பெண் தலைமைக் குடும்பங்களுக்கெண்டு தையல் மெசின் குடுத்தது. பேப்பரில 12 மெசின், இறங்கினது 9. எல்லாரும் 12க்குச் சைன் வையுங்கோ, மிச்சம் பிறகு வரும் எண்டிச்சினம். நான் வச்சன். மிச்சம் வரேல்லை, வராதெண்டு வைக்கேக்கயே எனக்குத் தெரியும். அந்தக் கிழமை பூசைக்குப் போய் நற்கருணை எடுக்காம பின்வாங்கில இருந்திட்டு வந்தனான். செல்லுக்கு நடுங்காத கை ஒரு ஃபைலுக்கு நடுங்கினது எனக்கே விளங்கேல்லை.

பிறகுதான் கண்டுபிடிச்சன், பயம் மட்டுமில்லை, வாயில சொல் இல்லாததும்தான். நாலு பேர் சுத்தி நிண்டு கெதியா வையுங்கோ எண்டேக்க வசனம் வராது. அதால வசனத்தை வீட்டிலயே செய்து வையுங்கோ. என்ரது இதுதான், கையில கிடைச்சதுக்கு மட்டும் சைன் வைக்கிறன், மிச்சம் வந்த அண்டைக்கு வந்து வைக்கிறன். சத்தம் போடத் தேவையில்லை, ஆரையும் கள்ளன் எண்டு சொல்லத் தேவையில்லை. அடுத்தமுறை கோழிக்கூட்டுத் திட்டத்தில அதையே சொன்னன். அதுக்கடுத்த லிஸ்டில என்ர பேர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேணும், நல்லது செய்தா உடன ஆசீர்வாதம் வருமெண்டு சொன்னா அது பொய். கசிப்பு, அதுதான் கள்ளச் சாராயம் விக்கிற வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பச் சொல்லேக்க, நுண்கடன் குரூப்பில இல்லாத ஆளுக்குப் பிணை நிக்கச் சொல்லேக்க, மச்சான் கள்ள மண் ஏத்த ட்ராக்டரைக் கேக்கேக்க, எல்லாத்துக்கும் ஒவ்வொரு வசனம் முதலே ரெடியா இருக்கட்டும்.

தனிய நிண்டு செய்யப் பாக்காதேங்கோ. கிளிநொச்சிக் கடலில இருக்கிற இரணைதீவுச் சனம் 1992ல இடம்பெயர்ந்து, பிறகு கடற்படை இருந்து ஊருக்குப் போகேலாம இருந்தது. 2017 மே 1ல கரையில இருக்கிற இரணைமாதாநகரில கொட்டில் போட்டு இருந்தவை, மனு குடுத்தவை, ஒண்டும் நடக்கேல்லை, கிட்டத்தட்ட ஒரு வருசம். 2018 ஏப்ரல் 23ல வெள்ளைக்கொடி கட்டின வள்ளங்களில தாங்களே போய் இறங்கி, முதல்ல இடிஞ்சுபோய்க் கிடந்த கோயிலுக்குத்தான் போனவை. ஒரு வள்ளம் தனியப் போயிருந்தா திருப்பி அனுப்பியிருப்பாங்கள். உங்களுக்கு ஒரு ஊர் வேண்டாம், ரெண்டு பேர் காணும். நான் மெசின் விசயத்தை ஒரு ஆளிட்ட மட்டும் சொல்லி வச்சனான், அடுத்தமுறை அவவும் எனக்குப் பக்கத்தில நிண்டு அதே வசனத்தைச் சொன்னவ.

கடவுளோட கோவமெண்டால் என்ன செய்யிறது? பெரியம்மாவின்ர மகன் 2009 மே மாசம் வட்டுவாகலில ஆமியிட்ட கையளிச்ச பெடியளில ஒருத்தன், அதோட சரி. கனபேர் அவவுக்குக் கடவுள் சித்தம், விட்டுக்குடுங்கோ எண்டு சொன்னவை. தயவுசெய்து ஒரு தாயிட்ட அப்பிடிச் சொல்லாதேங்கோ. திருப்பாடல் 88ஐ எடுத்து வாசிச்சுப் பாருங்கோ, சபையில சங்கீதம் எண்டு சொல்லுவினம், மற்றதுகள் மாதிரி கடைசியில ஆறுதலா முடியாது, இருட்டோடயே முடியுது. அதையும் பைபிளுக்க வச்சுத்தான் இருக்கு, அப்ப நாங்களும் அப்பிடிச் செபிக்கலாம். லூக்கா 18ல வாற கைம்பெண் நீதி கேட்டு கேட்டு நடுவரைக் களைக்கப் பண்ணினவ. 2017 பெப்ரவரி 20ல இருந்து கிளிநொச்சியில காணாமல்போன பிள்ளையளின்ர படத்தோட நீதி கேட்டு இருந்த அம்மாமாரைப் பாக்கேக்க எனக்கு அந்த வாசகம்தான் ஞாபகம் வாறது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகையும் 2011 ஜனவரியில அரசாங்கத்தின்ர நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால கச்சேரிக் கணக்கை, அதுதான் மாவட்ட அரச அலுவலகக் கணக்கைக் காட்டி, கடைசிச் சண்டையில கணக்கில வராமப்போன 1,46,679 பேருக்கு என்ன நடந்ததெண்டு கேட்டவர். கேக்கிறதும் விசுவாசம்தான், என்ர கணக்கில.

ஆனா மாசக்கணக்கா நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை, சாகோணும் போல இருக்கெண்டால் அதை விசுவாசக் குறைவெண்டு நினைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ. பைபிளில எலியா இறைவாக்கினர் செடிக்குக் கீழ படுத்து என்னை எடுத்துப்போடும் எண்டு கேட்டேக்க வந்த தூதர் பிரசங்கம் வைக்கேல்லை, அப்பமும் தண்ணியும் குடுத்து, திரும்பப் படுக்கவிட்டு, பிறகும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னவர். பெரியாஸ்பத்திரியில மனநலத்துக்கெண்டு டொக்டர்மார் இருக்கினம், போங்கோ. செபிச்சாச்சு, இனி குளிசையை நிப்பாட்டு எண்டு ஆரும் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரரா இருந்தாலும் கேக்காதேங்கோ.

பிள்ளையளைப் பற்றிக் கனக்கச் சொல்ல இல்லை. அடிச்சு செபிக்க வைக்கேலாது. நாங்கள் செய்யிறதை அதுகள் பாத்துக்கொண்டுதான் இருக்குதுகள், சைன் வைக்கிறதையும் சேர்த்து.

விட்டுப்போட்டு ஆறு மாசமாச்சு, இப்ப எப்பிடித் தொடங்கிறது எண்டால், விட்ட நாளைக் கணக்குப் பாக்காம பாவசங்கீர்த்தனத்துக்குப் போட்டு வந்து அண்டைக்குப் பின்னேரமே ஒரு பத்துமணி சொல்லுங்கோ. 2008 ஏப்ரலில சண்டை வந்தேக்க மடு மாதா சொரூபத்தையே தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனவை, அந்த வருசமே திரும்பக் கொண்டுவந்து வச்சவை, நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பிறதில என்ன வெக்கம்.

கயிறு செய்யிறதெண்டால் உரபாக் நூல் ஒண்டரை முழம் எடுங்கோ, ஒரு முழம் காணாது. ரெண்டு இழையைச் சேர்த்து முறுக்கோணும், இல்லாட்டி வேர்வையில இத்துப்போகும். முதல் முடிச்சைப் பெருசாப் போடுங்கோ, அது பரலோகமந்திரத்துக்கு, இருட்டில தடவேக்க விளங்கோணும். ஒரு விரல் அகலம் விட்டு பத்துச் சின்ன முடிச்சு. போட்ட உடன இறுக்காதேங்கோ, எண்ணிப் பாத்திட்டு இறுக்குங்கோ. நான் முதல்முதல் செய்த கயிறில ஒம்பதுதான் இருந்தது, ரெண்டு மாசம் அதிலயே சொல்லியிருக்கிறன், பெரியம்மா கையில எடுத்த உடன கண்டுபிடிச்சிட்டா. அவிழ்க்கவும் ஏலாது, இறுகிப்போச்சு. அதுக்கென்னடி, கடைசி முடிச்சை ரெண்டுதரம் பிடி எண்டு சொல்லிப்போட்டு அவ தன்ர பாட்டுக்குத் தேங்காய் துருவப் போயிட்டா.