29 இஞ்ச் வீல் மட்டும் போதாது: உயரமானவர்கள் ஹார்டுடெயில் வாங்கும்போது செய்யும் தவறுகள்

திருநெல்வேலி பக்கம் ஆறடிக்கு மேல் இருக்கிற ஒருவர் ஹார்டுடெயில் (முன்னால் மட்டும் ஷாக் இருக்கும் மலை சைக்கிள்) கேட்டு சைக்கிள் கடைக்குள் போனால் முதலில் காதில் விழுவது இதுதான்: "உங்க ஒசரத்துக்கு 29 எடுத்துக்கோங்க அண்ணாச்சி, வேற யோசிக்கவே வேண்டாம்." 29 என்பது வீல் அளவு. ஓட்டுகிறவரின் உயரத்தை அது சொல்லாது. அதே 29 இஞ்ச் வீலில் ஐந்தடி ஐந்து அங்குலக்காரருக்கும் ஃபிரேம் உண்டு, ஆறடி நான்கு அங்குலக்காரருக்கும் ஃபிரேம் உண்டு. வீலைப் பார்த்து வாங்கிவிட்டு முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறது என்று புலம்புகிற ஆட்கள்தான் அதிகம்.

நம் தாத்தாமார் இதில் தெளிவாக இருந்தார்கள். வயலுக்கும் சந்தைக்கும் போன கறுப்பு சைக்கிளில் 28 இஞ்ச் வீல்தான் வழக்கம். கடையில் கேட்ட கேள்வி "22 வேணுமா, 24 வேணுமா" என்பது. அது ஃபிரேமின் உயரம். நெட்டையாக இருப்பவர் 24 எடுப்பார், மற்றவர் 22 எடுப்பார். கியர் சைக்கிள் வந்த பிறகு பேச்சு 26, 27.5, 29 என்று வீல் பக்கம் போய்விட்டது. ஃபிரேம் அளவு சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டிக்கரில் ஒதுங்கிக் கிடக்கிறது. விலை குறைந்த மாடல்கள் பலவும் 17 அல்லது 18 இஞ்ச் ஃபிரேம் ஒன்றில் மட்டுமே வருகின்றன. கடைக்காரர் வைத்திருப்பது அது ஒன்றுதான் என்றால், அவர் சீட்டைத் தூக்கிக் காட்டி விற்கத்தான் பார்ப்பார்.

சீட்டைத் தூக்கினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை

இருப்பதிலேயே பெரிய தவறு இது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் உள்கால் அளவு வேண்டும். பேன்ட் நீளத்தைச் சொல்லாதீர்கள், அது வேறு கணக்கு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தின் முதுகைத் தொடையிடுக்கில் மேலே முட்டும்வரை அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். வரும் சென்டிமீட்டரை 0.883 ஆல் பெருக்கினால், பெடல்கள் சுற்றுகிற கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். டூர் டி பிரான்ஸை 1986, 1989, 1990 என மூன்று முறை ஜெயித்த கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கு இது. மலை சைக்கிளுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

ஆறடி இரண்டு அங்குலம் உயரம், உள்கால் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சீட் உயரம் 79.5 செ.மீ. வருகிறது. கடையில் இருப்பது 17 இஞ்ச் ஃபிரேம் என்றால் சீட் குழாய் சுமார் 43 செ.மீ. மிச்சம் 36.5 செ.மீ. அதில் சீட்டின் தடிமன் சுமார் 5 செ.மீ. போக, சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்குகிற சீட் போஸ்ட் 31.5 செ.மீ. வெளியே நிற்க வேண்டும். கூட வருகிற போஸ்ட்டின் நீளம் பெரும்பாலும் 35 செ.மீ.தான். அப்படியானால் ஃபிரேமுக்குள் இருப்பது வெறும் 3.5 செ.மீ.! போஸ்ட்டில் ஒரு கோடும், அதற்கு மேல் தூக்காதே என்ற எச்சரிக்கையும் பொறித்திருக்கும். அந்தக் கோடு உள்ளே மறைந்திருக்க வேண்டும். குறைந்தது 8 முதல் 10 செ.மீ. உள்ளே போக வேண்டும் என்று பொருள். கோடு வெளியே தெரிய ஓட்டினால், 85 கிலோ ஆள் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அந்தப் போஸ்ட் நெம்புகோலாக வேலை செய்யும். சீட் குழாயின் மேல்வாய் பிளக்கும், இல்லையென்றால் வெல்டிங் பக்கத்தில் விரிசல் விடும். அலுமினிய ஃபிரேமில் அந்த விரிசலைப் பற்றவைத்துச் சமாளிக்கிற வேலையும் வேண்டாம்.

சரி, 40 செ.மீ. போஸ்ட் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். போடலாம், ஆனால் இன்னொரு சிக்கல் வருகிறது. சீட் குழாய் நேராக நிற்பதில்லை, பின்னால் சாய்ந்திருக்கிறது. தரையோடு 73 டிகிரி கோணம் என்றால் சீட் 10 செ.மீ. உயரும்போது சுமார் 3 செ.மீ. பின்னாலும் போகிறது. உடம்பின் எடை பின்சக்கரத்தின் மேல் போய் உட்காரும். குளத்துக் கரையில் குத்தாக ஏறும்போது முன்சக்கரம் மண்ணை விட்டு எழும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஹேண்டில் மட்டும் பழைய இடத்திலேயே தாழ்ந்து கிடப்பதால், சமதளத்தில் எடை மணிக்கட்டில் இறங்கும். அரை மணி நேரத்தில் விரல் மரத்துப் போகும்.

உயரத்தைவிட நீளம்தான் முக்கியம்

சீட்டைத் தூக்க ஒரு வழியாவது உண்டு. ஃபிரேமை நீட்ட வழியே கிடையாது. அதனால் உயரமானவர் முதலில் கேட்க வேண்டியது ரீச் என்கிற அளவு. கிராங்க் அச்சிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து ஹேண்டில் இறங்குகிற ஹெட் டியூபின் மேல்வாய் நடுப்பகுதி வரை கிடைமட்டத் தூரம் எவ்வளவோ அதுதான் ரீச். அதே மேல்வாய் கிராங்க் அச்சைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக்.

இப்போது வருகிற நல்ல ஹார்டுடெயில்களில், ஆறடி இரண்டு அங்குலக்காரருக்கு ரீச் 465 முதல் 490 மி.மீ. வரையும், ஸ்டாக் 640 மி.மீ. பக்கமும் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். ரீச் 440க்குக் கீழே இறங்கினால் நான் அந்த சைக்கிளைத் தொடமாட்டேன், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

இஞ்ச் கணக்கை மட்டும் நம்பினால் இங்கே இன்னொரு வகையிலும் ஏமாறலாம். புது மாடல்களில் சீட் குழாயை வேண்டுமென்றே குட்டையாக வைக்கிறார்கள், ஓடும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் டிராப்பர் போஸ்ட் போடுவதற்காக. 19 இஞ்ச் என்று எழுதிய ஒரு சைக்கிள் எக்ஸ்.எல். ஆக இருக்கலாம், 19 இஞ்ச் என்று எழுதிய இன்னொன்று நடுத்தரத்துக்குச் சற்று மேலே நிற்கலாம். உயரத்தை மட்டும் வைத்துப் போட்ட அட்டவணையும் இதே மாதிரிதான். ஆறடி இரண்டு அங்குலத்தில் ஒருவருக்கு உள்கால் 86 செ.மீ., இன்னொருவருக்கு 92. கால் நீளமானவர் ஸ்டாக்கையும் சீட் போஸ்ட்டையும் கவனிக்க வேண்டும், உடம்பு நீளமானவர் ரீச்சை. அட்டவணை இரண்டு பேருக்கும் ஒரே எழுத்தைத்தான் நீட்டும்.

கடையில் ரீச் தெரியவில்லை என்றால் நாமே அளந்துவிடலாம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டும் ஒரு டேப்பும் போதும். சமதளத் தரையில் பின்சக்கரம் சுவரில் முட்டும்படி சைக்கிளை நேராக நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஹெட் டியூபின் மேல்வாயிலிருந்து தொங்கவிட்டுக் குறியுங்கள். சுவரிலிருந்து இரண்டு குறிக்கும் உள்ள தூரத்தைக் கழித்தால் ரீச். கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்த்துவிட்டுப் போகட்டும்.

ரீச் குறைவான ஃபிரேமுக்கு நீளமான ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடித்து முன்னால் நீட்டி வைக்கிற துண்டு) போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 110 மி.மீ. ஸ்டெம் போட்டால் கை நீளும், உண்மைதான். ஆனால் உடம்பு முன்சக்கரத்துக்கு மேலே போய்க் கவிழ்ந்து நிற்கும். சரளைக் கல் இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழ வாய்ப்பு அதிகம். மலை சைக்கிளுக்கு இன்று 40 முதல் 60 மி.மீ. ஸ்டெம்தான் வழக்கம். அதேபோல, பாரின் மேல் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்று பார்த்து "இடைவெளி நிறைய இருக்கு, சரியா இருக்கு" என்று முடிவு செய்வதும் வீண். உயரமானவருக்கு எந்த சைக்கிளிலும் அந்த இடைவெளி இருக்கும்.

பெடலைத் தாங்குகிற கிராங்க் கையின் நீளம் 170 மி.மீ.யா 175ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எது வந்தாலும் ஓட்டலாம்.

மாஞ்சோலைக் கனவும் வாய்க்கால் கரையும்

மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறுவதாகக் கற்பனை செய்துகொண்டு 140 மி.மீ. அமுங்குகிற ஷாக் தேடுகிறவர்கள் உண்டு. அந்தப் பாதை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. 1988 முதல் அது புலிகள் காப்பகம்; வனத்துறை அனுமதி இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது, சைக்கிளுக்கென்று தனிச் சலுகை கிடையாது. வாரம் முழுக்க நாம் ஓட்டப்போவது கன்னடியன் கால்வாய்க் கரை, பாளையங்கால்வாய்க் கரை, குளத்து மேடு, களக்காடு திருக்குறுங்குடி பக்கம் அடிவாரத்து வண்டிப்பாதை, நடுநடுவே மேட்டுநிலப் பரம்பு. இதற்கு 100 அல்லது 120 மி.மீ. ஷாக் தாராளம். பின்னால் ஷாக் இல்லாத ஹார்டுடெயில் இந்த மண்ணுக்கு ரொம்பப் பொருத்தம். குறைந்த விலையில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்து வருகிற வண்டி கனமாக இருக்கும், மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஷாக் இருப்பது முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கில். மலிவான ஃபோர்க்கில் இரும்பு ஸ்பிரிங் இருக்கும், அதுவும் நடுத்தர எடைக்காரரை மனதில் வைத்துப் போட்டது. உயரமானவர் இயல்பாகவே எடை கூடியவர். 90 கிலோ உட்கார்ந்ததும் பாதி ஷாக் அமுங்கிவிட்டால் கல்லில் ஏறும்போது டங்கென்று அடியில் இடிக்கும். மேலே இருக்கிற குமிழைத் திருகினால் சரியாகும் என்பார்கள். அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் பலம் கூடாது.

காற்றால் இயங்கும் ஃபோர்க்கில் எடைக்கு ஏற்றபடி காற்றை ஏற்றிக்கொள்ளலாம். சைக்கிளில் அசையாமல் உட்கார்ந்தால் 100 மி.மீ. ஷாக்கில் 20 முதல் 25 மி.மீ. இறங்குகிற மாதிரி வையுங்கள். அதற்கென்று தனிப் பம்ப் இருக்கிறது, அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை அதில் வைத்தால் சீல் போய்விடும்.

டயரில் முள்ளைக் கணக்கில் எடுக்காமல் நம் ஊரில் சைக்கிள் வாங்கவே கூடாது. உடங்காட்டு முள் ஒரு பக்கம், வாய்க்கால் கரை நெருஞ்சி இன்னொரு பக்கம். எடை கூடியவரின் பின் டயர்தான் முதலில் மாட்டும். டியூப்லெஸ் போட வசதியான ரிம்மா என்று கேட்டு வாங்கினால், உள்ளே ஊற்றும் பால் போன்ற சீலன்ட் சின்ன முள் குத்தலைத் தானே அடைத்துவிடும். நம் வெயிலில் அது சீக்கிரம் காயும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஊற்ற வேண்டும். டயர் அகலம் 2.2 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் போதும். 90 கிலோ ஆள் டியூபோடு ஓட்டினால் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்று சரியாக இருக்கும். கடைக்காரர் கையில் விட்டால் கல்லாக ஏற்றித் தருவார், அப்புறம் கரை முழுக்கக் குலுங்கிக்கொண்டே போக வேண்டியதுதான். தேரிக்காட்டு மணலில் மட்டும் இந்த டயர் புதையும்; அங்கே தள்ளிக்கொண்டு நடப்பதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மானூர் பக்கத்துக் கரிசலில் மழை பெய்த மறுநாள் போனால் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மண் அப்பி வீலே நின்றுவிடும், அதனால் டயருக்கு இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

சக்கரத்தில் 32 கம்பி இருக்கட்டும். முன் பிரேக் டிஸ்க் 180 மி.மீ. கிடைத்தால் நல்லது, அதுவும் ஆயில் பிரேக்காக. தயாரிப்பாளர் சொல்லும் எடை வரம்பைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் எடையோடு சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்த கணக்காக அது இருக்கலாம்.

கையிருப்பில் இருப்பதை வாங்குவது

எக்ஸ்.எல். சைக்கிளை இங்கே கடைகளில் முன்கூட்டி வாங்கி வைப்பது அபூர்வம், கேட்கிற ஆள் குறைவு. "எல் இருக்கு, கொஞ்சம்தான் வித்தியாசம், இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடலாம்" என்று பேசுவார்கள். அந்தக் கொஞ்சம் என்பது ரீச்சில் 20 முதல் 25 மி.மீ. ஆர்டர் போட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருப்பது மேல். முன்பணம் கொடுக்கும்போது ரசீதில் மாடல் பெயரோடு ஃபிரேம் அளவையும் எழுதச் சொல்லுங்கள். 29 என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறு ஊரில் அதே அளவு நிற்கிறது என்றால் ஒருநாள் பஸ் ஏறிப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இங்கே ஆர்டர் போடலாம்.

பெட்டி வந்து பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்டிக்கரைப் பாருங்கள், தூக்குக்குண்டை மறுபடி எடுங்கள், சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்து போஸ்ட்டின் கோடு உள்ளே மறைகிறதா என்று பாருங்கள். ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற வளையங்களை அழகுக்காகக் கழற்றி மேலே போட விடாதீர்கள், உயரமானவருக்கு அவை கீழேதான் வேண்டும். ஃபோர்க் குழாய் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, அறுத்துவிடலாமா என்று மெக்கானிக் கேட்டால், ஒரு மாதம் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.