ஆல்டோ ஆடிஜே ரெட் ஒயின் குடிக்கப் போறீங்களா?

இத்தாலியோட வடக்கு மூலைல ஆல்ப்ஸ் மலைப்பகுதில இருக்கிற ஆல்டோ ஆடிஜே பக்கம் போறவங்களுக்கு ஒரு டிப்ஸ். அங்க ஸ்கியாவான்னு ஒரு ரெட் ஒயின் கிடைக்கும், லேசான நிறம், டானின் (துவர்ப்பு தர்ற பொருள்) ரொம்ப கம்மி, இத ரெட் தானேன்னு அப்படியே ஊத்திடாதீங்க, ஒரு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு 12-14 டிகிரில குடிங்க, ஸ்ட்ராபெரி வாசனை அப்போ தான் பளிச்னு தெரியும், கூட ஸ்பெக்னு அந்த ஊரு புகை போட்ட பன்னிக்கறி இருந்தா செம காம்பினேஷன். (லேபிள்ல ஃபெர்னாட்ச்னு போட்டிருந்தாலும் இதே தான்.)

லாக்ரைன்னு அங்க இருக்கிற இன்னொரு ரெட் வாங்கினா மட்டும் இப்படி பண்ணாதீங்க. அது கருகருன்னு கெட்டியான ஒயின், சில்லுன்னு ஆச்சுன்னா துவர்ப்பு தான் தூக்கும், 16-18 டிகிரி போதும். ஒயிட் வேணும்னா ஐசாக் பள்ளத்தாக்கு கெர்னர் எடுங்க, கெவுர்ட்ஸ்ட்ராமினர்னு இன்னொரு ஒயிட்ல வாசனை தூக்கலா இருக்கும், எனக்கு ஒரு கிளாஸ்லயே திகட்டிடும்.